சாண்டியாகோ – புவெனஸ் அயர்ஸ்: தூரம் ஒன்று, நேரம் இரண்டு

சிலியின் தலைநகர் சாண்டியாகோவிலிருந்து அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸ் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒரு இடத்தில் 1,140 கிலோமீட்டர் என்று போட்டிருப்பார்கள். இன்னொரு இடத்தில் 1,400. வேறொரு இடத்தில் 708 என்று இருக்கும். அது மைல் கணக்கு. விமானிகளைக் கேட்டால் 615 என்பார்கள், அது கடல்மைல். பயண நேரமும் இதே கதைதான். ஒன்றே முக்கால் மணி, இரண்டு மணி, இரண்டு மணி இருபது நிமிடம் என்று ஆளுக்கொரு விடை. வேடிக்கை என்னவென்றால், இதில் எதுவும் தப்பில்லை. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான பதில்.

எந்தப் பதில் எந்தக் கேள்விக்கு உரியது என்று பிரித்துப் பார்க்க, தென் அமெரிக்காவில் இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது என்பேன். இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கும் பெரிய நகரங்கள். ஒன்று கண்டத்தின் மேற்கு ஓரம், மற்றது கிழக்கு ஓரம். நடுவே ஆண்டீஸ் மலைத்தொடர். அந்த மலைக்கும் மேலே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓயாமல் வீசும் பலத்த காற்று. தூரமும் நேரமும் ஏன் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை என்று புரிந்துகொள்ள வேண்டிய எல்லாமே இந்த ஒரே வழித்தடத்தில் கிடைத்துவிடுகின்றன.

நேர்க்கோட்டுத் தூரம்

முதலில் 1,140 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பூமி உருண்டை. அதன் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதையைப் பெருவட்டப் பாதை என்கிறார்கள். உருண்டையின் மையம் வழியாக, அந்த இரண்டு புள்ளிகளையும் தொடும்படி ஒரு வெட்டு வெட்டினால் மேற்பரப்பில் விழும் கோடுதான் அது. இணையத்தில் 'விமானத் தூரம்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் இந்தக் கோட்டின் நீளம். எந்த விமானமும் துல்லியமாக அந்தக் கோட்டின் மேலேயே பறப்பதில்லை என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இதைக் கணக்கிட முழு முக்கோணவியலும் தேவையில்லை. இந்த அளவு தூரத்துக்குக் கைக்கணக்கே போதும். சாண்டியாகோ தெற்கு 33.45 பாகை, மேற்கு 70.67 பாகை. புவெனஸ் அயர்ஸ் தெற்கு 34.60, மேற்கு 58.38. அட்சரேகை வித்தியாசம் 1.15 பாகை. ஒரு பாகை அட்சரேகை எங்கே அளந்தாலும் சுமார் 111 கிலோமீட்டர். அப்படியானால் வடக்கு–தெற்காக 128 கிலோமீட்டர்.

தீர்க்கரேகை வித்தியாசம் 12.29 பாகை. இங்கேதான் புதிதாகக் கணக்குப் போடுபவர்கள் சறுக்குவார்கள். 12.29-ஐயும் 111-ஆல் பெருக்கினால் 1,364 வந்துவிடும். அது பூமத்திய ரேகையில் மட்டுமே சரி. துருவத்தை நோக்கிப் போகப் போகத் தீர்க்கரேகைகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. 34 பாகை தெற்கில் ஒரு பாகைக்கு 92.3 கிலோமீட்டர்தான். பெருக்கினால் 1,134.

இப்போது 128-ம் 1,134-ம் ஒரு செங்கோண முக்கோணத்தின் இரண்டு பக்கங்கள். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றப்படி கர்ணம் 1,141. முழுக் கணக்குப் போட்டால் 1,139 வரும். இரண்டு கிலோமீட்டர் பிசகு. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இதுவே சாண்டியாகோவிலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னி என்றால் இந்தக் கைக்கணக்கு உதவாது. அந்தப் பெருவட்டப் பாதை அண்டார்டிகா பக்கம் வரைக்கும் வளைந்து இறங்கிவிடும். உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டவர்களுக்கு அது நம்பவே முடியாத பாதையாகத் தெரியும்.

கடல்மைல் கணக்கும் இங்கே எளிதாகப் புரியும். பூமியின் சுற்றளவை 360 பாகையாகவும், ஒரு பாகையை 60 கலையாகவும் பிரித்தால், ஒரு கலையின் நீளமே ஒரு கடல்மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். சாண்டியாகோவும் புவெனஸ் அயர்ஸும் பூமி உருண்டையில் பத்தே கால் பாகை தள்ளி இருக்கின்றன. அதை 60-ஆல் பெருக்கினால் 615. வரைபடத்திலிருந்து நேராகத் தூரத்தைப் படித்துவிடலாம் என்பதால்தான் கப்பல்காரர்களும் விமானிகளும் இந்த அளவை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

சாலையில் போனால்

1,400 என்பது சாலைத் தூரம். 260 கிலோமீட்டர் கூடுதல் எங்கே சேர்ந்தது? வழி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கும் என்றுதான் தோன்றும். அப்படியில்லை. பெரும்பகுதி மலையில்தான் சேர்கிறது.

பாதையை மெண்டோசாவில் இரண்டாக உடைத்துப் பார்த்தால் தெரியும். மெண்டோசா, ஆண்டீஸின் கிழக்கு அடிவாரத்தில், திராட்சைத் தோட்டங்களுக்குப் பேர்போன அர்ஜென்டினா நகரம். அங்கிருந்து புவெனஸ் அயர்ஸ் வரை பாம்பாஸ் சமவெளி. நேர்க்கோட்டில் 985 கிலோமீட்டர் போல வரும். தேசிய நெடுஞ்சாலை 7-இல் ஏறக்குறைய 1,050. ஏழு சதவீதம்தான் அதிகம். சாண்டியாகோவிலிருந்து மெண்டோசா வரை நேர்க்கோட்டில் 180 கிலோமீட்டர் சொச்சம். சாலையிலோ 360. அப்படியே இரட்டிப்பு.

காரணம், சிலிப் பக்கம் மலை செங்குத்தாக ஏறுகிறது. லாஸ் கரகோலெஸ் என்ற இடத்தில் கொண்டைஊசி வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தது போல ஏறும். மேலிருந்து பார்த்தால் கீழே லாரிகள் எதிரெதிர்த் திசையில் போவது போலத் தெரியும். எல்லாம் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருக்கும். வளைந்து வளைந்து பல கிலோமீட்டர் ஓடிய பிறகும் நேர்க்கோட்டில் நகர்ந்தது சொற்பமாகத்தான் இருக்கும். 3,000 மீட்டருக்குச் சற்று மேலே, இரு நாட்டு எல்லைக்கு அடியில், கிறிஸ்டோ ரெதெந்தோர் சுரங்கப்பாதை. நீளம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர், திறந்தது 1980-இல். அதற்கு முன் 3,832 மீட்டர் உயரக் கணவாய் வரை வண்டி ஏற வேண்டியிருந்தது. இரு நாடுகளும் எல்லைத் தகராறைப் போரில்லாமல் தீர்த்துக்கொண்டதன் நினைவாக 1904-இல் நிறுவிய இயேசு சிலை இன்றும் அங்கேதான் நிற்கிறது. 1910-இல் இந்த மலையைக் கடந்து ரயிலும் ஓடத் தொடங்கியது, 1980-களில் நின்றுவிட்டது.

பேருந்தில் சாண்டியாகோவிலிருந்து மெண்டோசாவுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம். எல்லைச் சோதனையில் வரிசை நீண்டால் அதற்கும் மேல். புவெனஸ் அயர்ஸ் வரை போவதென்றால் ஏறக்குறைய ஒரு முழு நாள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். பனிப்புயல் வந்தால் கணவாயை மூடிவிடுவார்கள். அது சில நாள்கூட நீளும். அப்போது 'எவ்வளவு நேரம்' என்ற கேள்விக்கே பொருள் இல்லாமல் போகிறது.

இந்த மாதிரி மலை தென் அமெரிக்காவின் மேற்குப் பக்கம் முழுக்க உண்டு. கொலம்பியாவில் பொகோட்டா, மெடெயின் விமான நிலையங்களுக்கு இடையே 215 கிலோமீட்டர்தான். சாலை 400-க்கு மேல். பெருவின் அமேசான் நகரமான இக்கிட்டோஸ் இன்னும் ஒரு படி மேல். நாட்டின் மற்றப் பகுதிகளிலிருந்து அங்கே சாலையே கிடையாது; படகு அல்லது விமானம்.

பறக்கும் நேரம்: சூத்திரமும் நிஜமும்

தூரக் கணிப்பான்கள் நேரத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் ஒரு எளிய சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகின்றன. தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டரால் வகு. ஏறவும் இறங்கவும் அரை மணி கூட்டு. 1,140-ஐ 800-ஆல் வகுத்தால் ஒரு மணி 25 நிமிடம். அரை மணி சேர்த்தால் ஒரு மணி 55 நிமிடம். மோசமில்லை. ஆனால் இந்தச் சூத்திரம் போவதற்கும் வருவதற்கும் ஒரே விடையைத் தரும். அங்கேதான் அது தோற்கிறது.

இந்தத் தடத்தில் அதிகம் ஓடும் ஏர்பஸ் ஏ320 ரக விமானத்தை எடுத்துக்கொள்வோம். உயரத்தில் சீராகப் பறக்கும்போது அதன் வேகம் ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு. பதினோரு கிலோமீட்டர் உயரத்துக் குளிரில் ஒலியே நொடிக்கு 295 மீட்டர்தான் போகும். கணக்குப் போட்டால் மணிக்கு 830 கிலோமீட்டர் வரும்.

இந்த 830 என்பது காற்றைப் பொறுத்த வேகம், தரையைப் பொறுத்ததல்ல. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஆற்றில் படகு விடுபவருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை: துடுப்பு வலிக்கும் வேகம் ஒன்றுதான், நீரோட்டத்தோடு போனால் கரை வேகமாக நகரும், எதிர்த்துப் போனால் மெதுவாக நகரும். விமானத்துக்கு ஆறு என்பது காற்று. எஞ்சினும் இறக்கையும் சுற்றியிருக்கும் காற்றை மட்டுமே அறியும். அந்தக் காற்றுப் பொதியே மொத்தமாக நகர்ந்துகொண்டிருந்தால் விமானமும் அதோடு சேர்ந்து நகரும்.

சாண்டியாகோ, புவெனஸ் அயர்ஸ் இருக்கும் அட்சரேகையில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வேகமான காற்றோட்டம் உண்டு. வானிலைக்காரர்கள் இதை ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் வலுக்கும், கோடையில் தளரும். சில நாள் மணிக்கு 60 கிலோமீட்டர், சில நாள் 200. நாம் 120 என்று வைத்துக்கொள்வோம்.

கிழக்கே, புவெனஸ் அயர்ஸ் நோக்கிப் போகும்போது பின்காற்று. 830-உடன் 120 கூட்டினால் தரையைப் பொறுத்த வேகம் 950. 1,140 கிலோமீட்டரை 72 நிமிடத்தில் கடக்கலாம். திரும்பும்போது எதிர்காற்று. 830-இல் 120 கழித்தால் 710. அதே 1,140-க்கு 96 நிமிடம். ஒரே விமானம், ஒரே எஞ்சின், ஒரே தூரம். வித்தியாசம் 24 நிமிடம்.

போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது வந்த நஷ்டமும் சமமாகி அடித்துப்போகும் என்று நினைப்பீர்கள். போகாது. காற்றே இல்லையென்றால் ஒரு வழிக்கு 82 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல், போய்வர 165. காற்றோடு போய்வர 72-ம் 96-ம் சேர்ந்து 168. மூன்று நிமிடம் எப்போதும் நஷ்டக் கணக்கில்தான் விழும். எதிர்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றிலேயே அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம். பின்காற்றின் உதவி சீக்கிரமே முடிந்துவிடுகிறது. காற்று எவ்வளவு பலமோ அவ்வளவு நஷ்டம்.

இனி மிச்சத்தைக் கூட்டுவோம். ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் போவதில்லை. அதுபோக, சாண்டியாகோ விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருக்கிறது. கிழக்கே நூறு கிலோமீட்டருக்குள் 6,000 மீட்டர் சிகரங்கள். ஓடுதளங்கள் வடக்கு–தெற்காக, மலைத்தொடருக்கு இணையாக அமைந்தவை. ஏறியவுடன் மூக்கை நேராகப் புவெனஸ் அயர்ஸ் பக்கம் திருப்பிவிட முடியாது. மலையோரமாகவே பறந்து போதுமான உயரம் பிடித்துத்தான் கிழக்கே திரும்ப வேண்டும். இதற்கெல்லாம் கால் மணி நேரம் வையுங்கள். தரையில் ஊர்ந்து ஓடுதளத்துக்குப் போகவும், இறங்கியபின் வாசலுக்கு வரவும் இன்னொரு இருபது நிமிடம். ஆக, போக ஒரு மணி 47 நிமிடம், வர இரண்டு மணி 11 நிமிடம்.

விமான நிறுவனங்கள் அட்டவணையில் இதற்கு மேல் கொஞ்சம் தாராளமாகவே போட்டுவைக்கும். போக இரண்டு மணியை ஒட்டியும், வர இரண்டே கால், இரண்டு மணி 25 நிமிடம் என்றும் இருக்கும். 'விமானம் இருபது நிமிடம் முன்னதாகவே இறங்கிவிட்டது' என்று அறிவித்துக் கைதட்டல் வாங்குவது பெரும்பாலும் இந்தத் தாராளத்தின் உபயம். இன்னொன்றையும் கவனியுங்கள். டிக்கெட்டில் இருப்பது ஒரு விமான நிலைய வாசலிலிருந்து கிளம்பி அடுத்த நிலைய வாசலில் நிற்கும் வரையான நேரம். விமானி ஒலிபெருக்கியில் 'நம் பறக்கும் நேரம் ஒரு மணி முப்பது நிமிடம்' என்று சொல்வது சக்கரம் தரையை விட்டது முதல் மறுபடி தரையைத் தொடும் வரை. இரண்டையும் குழப்பிக்கொண்டு 'அரை மணி நேரம் எங்கே போச்சு' என்று கேட்க வேண்டியதில்லை.

காற்றைக் கணக்கில் விட்டவர்களின் கதை

இதெல்லாம் ஏதோ இருபது நிமிட விவகாரம் என்று தோன்றலாம். இதே தடத்தில் அந்த நிமிடங்கள் உயிரைக் குடித்திருக்கின்றன.

1947 ஆகஸ்ட் 2. 'ஸ்டார் டஸ்ட்' என்று பெயரிட்ட பிரிட்டிஷ் லங்காஸ்ட்ரியன் விமானம் மதியம் 1:46-க்கு புவெனஸ் அயர்ஸிலிருந்து சாண்டியாகோவுக்குக் கிளம்பியது. போர்க்காலத்து லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தைப் பயணிகளுக்காக மாற்றியமைத்த ரகம் அது. ஐந்து ஊழியர்கள், ஆறு பயணிகள். மாலை 5:41-க்கு சாண்டியாகோ நிலையத்துக்கு மோர்ஸ் தந்திச் செய்தி வந்தது: வந்துசேரும் நேரம் 5:45. செய்தியின் கடைசியில் 'ஸ்டெண்டெக்' என்று ஒரு சொல். புரியாமல் நிலையத்தார் திரும்பக் கேட்டார்கள். அதே சொல் இன்னும் இரண்டு முறை வந்தது. அதோடு சரி. விமானம் வரவில்லை. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை ஆளாளுக்கு ஊகம் சொல்கிறார்கள்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1998-இல், 6,500 மீட்டருக்கு மேல் உயரமுள்ள துப்புங்காத்தோ மலையின் பனியாற்றில் மலையேறிகள் கண்ணில் எஞ்சின் துண்டுகள் பட்டன. 2000-இல் அர்ஜென்டினா ராணுவம் போய்ச் சேகரித்தது. இடம், சாண்டியாகோவுக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் கிழக்கே. நான்கு நிமிடத்தில் இறங்கிவிடுவோம் என்று செய்தி அனுப்பியவர்கள் மலையின் அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கிறார்கள்.

என்ன நடந்திருக்கும் என்பதற்கு நிபுணர்கள் தரும் விளக்கம் நாம் மேலே போட்ட அதே கணக்குதான். மேகம் மூடியிருந்தது, தரை தெரியவில்லை. மலையைக் கடக்க வழக்கத்தைவிட உயரமாக, 24,000 அடி வரை ஏறினார்கள். அந்த உயரத்தில் இவ்வளவு பலமான காற்றோட்டம் இருக்கும் என்று 1947-இல் விமானிகள் பலருக்கும் தெரியாது. கிளம்பி இத்தனை மணி நேரம் ஆயிற்று, வேகம் இவ்வளவு, ஆகவே மலை தாண்டிவிட்டது என்று முடிவுகட்டி இறங்கத் தொடங்கினார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் எதிர்காற்றை ஒரு மணி நேரம் கணக்கில் விட்டால், நினைத்த இடத்துக்கு 100 கிலோமீட்டர் பின்னால் இருப்பீர்கள், அவ்வளவுதான்.

இருபத்தைந்து ஆண்டு கழித்து அதே பாடம் வேறு உருவத்தில் வந்தது. 1972 அக்டோபர் 13. உருகுவே விமானப்படையின் ஃபேர்சைல்ட் விமானம், ரக்பி விளையாட்டு வீரர்கள் உட்பட 45 பேருடன் சாண்டியாகோ போய்க்கொண்டிருந்தது. மொண்டேவீடியோவிலிருந்து முந்தின நாள் கிளம்பி, வானிலை சரியில்லாததால் இரவு மெண்டோசாவில் தங்கியிருந்தார்கள். மெண்டோசாவிலிருந்து சாண்டியாகோ நேர் மேற்கேதான். ஆனால் அந்த விமானத்தால் அங்குள்ள சிகரங்களுக்கு மேலே பத்திரமான உயரத்தில் பறக்க முடியாது. அதனால் தெற்கே மலார்குவே வரை போய், மலை தாழ்ந்திருக்கும் பிளாஞ்சோன் கணவாய் வழியாக மேற்கே கடந்து, சிலியின் கூரிக்கோ நகருக்கு மேலே வடக்கே திரும்புவதாகத் திட்டம். விமான நிலையங்களுக்கு இடையே நேர்க்கோட்டுத் தூரம் 195 கிலோமீட்டர். பறக்க வேண்டியதோ அதைப் போல மூன்று மடங்குக்குக் குறையாது.

கணவாயிலிருந்து கூரிக்கோவுக்கு வழக்கமாகப் பதினோரு நிமிடம். அன்று எதிர்காற்று, இன்னும் கூடுதலாகத்தான் ஆகியிருக்க வேண்டும். ஆனால் கணவாய்க்கு மேலே இருப்பதாகச் சொன்ன மூன்றே நிமிடத்தில், கூரிக்கோ வந்துவிட்டது என்று தகவல் கொடுத்து விமானம் வடக்கே திரும்பியது. கீழே மேகம். மலை இன்னும் முடியவில்லை. திரும்பி இறங்கியது ஆண்டீஸின் நடுவுக்குள். பனியில் 72 நாள் கழித்து மீட்கப்பட்டவர்கள் பதினாறு பேர். அவர்கள் எப்படி உயிர் பிழைத்தார்கள் என்பது உலகம் அறிந்த கதை. அது தொடங்கிய இடம் ஒரு தூர–நேரக் கணக்கு என்பதை அதிகம் பேர் கவனிப்பதில்லை.

இன்று செயற்கைக்கோள் வழிகாட்டி நொடிக்கு நொடி இடத்தைக் காட்டுகிறது. காற்றின் வேகத்தைத் தனியாக ஊகிக்கத் தேவையே இல்லை. காற்றைப் பொறுத்த வேகத்துக்கும் தரையைப் பொறுத்த வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து கணினியே அதைக் கண்டுபிடித்துவிடும். உங்கள் இருக்கைக்கு முன்னால் திரை இருந்தால், அதில் ஓடும் வேகம் தரையைப் பொறுத்தது. கிழக்கே போகும்போது அது 900-ஐத் தாண்டியும், மேற்கே வரும்போது 700-ஐ ஒட்டியும் இருந்தால், காற்றைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

குலுக்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேற்குக் காற்று மலைத்தொடரில் மோதி மேலே எழும்பி, தாண்டியபின் அலை அலையாக இறங்கும். மெண்டோசா பக்கம் வரும்போது சீட் பெல்ட் விளக்கு எரிவது இதனால்தான். சில நிமிட ஆட்டம். விமானம் பறக்கும் பத்து, பதினொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான அக்கோன்காகுவா சிகரத்துக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

டிக்கெட்டில் இருக்கும் பொறி

அர்ஜென்டினா ஆண்டு முழுவதும் உலகப் பொது நேரத்துக்கு மூன்று மணி நேரம் பின்னால். சிலியின் பெரும்பகுதி கோடையில் அதே மூன்று மணி. ஏப்ரல் தொடக்கத்தில் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி நான்கு மணி ஆக்கிவிட்டு, செப்டம்பரில் மறுபடி மூன்றுக்கு வருவார்கள். டிசம்பரில் இரு நகரங்களிலும் ஒரே மணி. ஜூலையில் புவெனஸ் அயர்ஸ் ஒரு மணி முன்னால். சூரியனைக் கேட்டால் புவெனஸ் அயர்ஸ் உலகப் பொது நேரத்துக்கு நான்கு மணி பின்னால்தான் இருக்க வேண்டும். தீர்க்கரேகைக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கடிகாரத்தை அரசாங்கம் வைக்கிறது.

இதன் விளைவைப் பாருங்கள். ஜூலையில் சாண்டியாகோவில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் டிக்கெட்டில் புவெனஸ் அயர்ஸ் சேரும் நேரம் மதியம் 1 மணி என்று இருக்கும். மூன்று மணி நேரப் பயணம் போலத் தெரியும், உண்மையில் இரண்டுதான். திரும்பும்போது மாலை 3:00-க்குக் கிளம்பி 4:20-க்கு இறங்குவதாக இருக்கும். வெறும் ஒரு மணி இருபது நிமிடம் போலத் தெரியும். உண்மையில் இரண்டு மணி இருபது நிமிடம். காற்று கிழக்கே போகிறவருக்கு உதவுகிறது. கடிகாரமோ மேற்கே வருகிறவருக்கு உதவுவது போல நடிக்கிறது. டிக்கெட்டை மட்டும் பார்த்தால் எந்தத் திசை வேகம் என்பதே தலைகீழாகத் தெரியும். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊரின் நேரம் என்பதை மறக்காமல், 'பயண நேரம்' என்று தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால்

புவெனஸ் அயர்ஸில் இரண்டு விமான நிலையங்கள். எசெய்சா, நகர மையத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி. ஏரோபார்க்கே, ரியோ தெ லா பிளாத்தா ஆற்றங்கரையில், நகரத்துக்குள்ளேயே. இரண்டுக்கும் சாண்டியாகோவிலிருந்து வானத்தில் ஆகும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் போக்குவரத்து நெரிசல் நேரத்தில் எசெய்சாவிலிருந்து மையத்துக்கு வர ஒரு மணிக்கும் மேல் ஆகலாம். அதனால், விலையில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால் ஏரோபார்க்கேதான் என் தேர்வு. வானத்தில் காற்று பிடுங்கும் இருபது நிமிடத்தைவிட இங்கே மிச்சமாகும் நேரம் அதிகம். வேறு விமானம் மாறிப் போகிறவர்கள் மட்டும் இரண்டு பயணமும் ஒரே நிலையத்திலா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்றில் இறங்கி மற்றதில் ஏறுவதென்றால் ஊரைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கும்.

சாண்டியாகோ பக்கம் நேரத்தைத் தின்பது வேறொன்று. சிலியின் வேளாண் சோதனை கறாரானது. பழம், விதை, இறைச்சி எது கையில் இருந்தாலும் படிவத்தில் குறிப்பிட வேண்டும். பையில் மறந்துபோன ஒரு ஆப்பிளுக்கும் அபராதம் உண்டு. இது சர்வதேசப் பயணம் என்பதால் முன்கூட்டியே போய் நிற்க வேண்டிய இரண்டு, மூன்று மணி நேரம், குடிவரவு வரிசை, பெட்டி, டாக்ஸி எல்லாம் சேர்த்தால் இரண்டு மணி நேரப் பறப்பு ஆறிலிருந்து ஏழு மணி நேரப் பயணமாகிவிடும்.

சாண்டியாகோ–மெண்டோசா தடத்தில் இது இன்னும் கூத்து. ஐம்பது நிமிடம், ஒரு மணிதான் விமானம். ஏறி முடித்ததும் இறங்கத் தொடங்கிவிடும். ஆனால் வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல் வரை கணக்குப் போட்டால் ஐந்து மணி நேரம் எளிதாகப் போய்விடும். பேருந்து ஆறிலிருந்து எட்டு. கோடைகாலம் என்றால் நான் பேருந்தைத்தான் சொல்வேன், அந்த வளைவுகளுக்காகவே. குளிர்காலத்தில் விமானம்.

விமானத்தில் போகிறவர்கள் ஜன்னல் இருக்கை எடுக்கும்போது திசையைப் பார்த்து எடுங்கள். அக்கோன்காகுவா சாண்டியாகோவுக்கு வடகிழக்கே இருக்கிறது. கிழக்கே போகும்போது இடப்பக்கம், மேற்கே வரும்போது வலப்பக்கம். சாண்டியாகோவிலிருந்து கிளம்பினால் மலை முதல் அரை மணிக்குள் வந்துபோய்விடும், அதற்குள் தூங்கிவிடாதீர்கள். அதன்பின் புவெனஸ் அயர்ஸ் வரை கீழே வயல்தான்.